வெளிநாட்டில் எம்.ஆர்க்: காலேஜ் பெயரை மட்டும் பார்த்தால் போதுமா?

பி.ஆர்க் முடித்துவிட்டு வெளிநாட்டில் மேற்படிப்பு என்று யோசிக்கும்போது பலரும் முதலில் தேடுவது ரேங்கிங் பட்டியலைத்தான். அடுத்து ஃபீஸ், ஸ்காலர்ஷிப். ஆனால் படித்து முடித்த பிறகு அந்த நாட்டில் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டுக்கொள்ள முடியுமா, எத்தனை மாதம் அங்கே வேலை பார்க்கலாம்? லட்சக்கணக்கில் கடன் வாங்கும் முன் கேட்க வேண்டிய இந்தக் கேள்விகளுக்கு விடை, டிகிரியின் வகையில் இருக்கிறது.

அமெரிக்கா: ஒரே பெயர், இரண்டு டிகிரி

அங்கே எம்.ஆர்க்கில் இரண்டு வகை உண்டு. ஒன்று, லைசென்ஸுக்கு வழிவிடும் ‘புரொஃபஷனல்’ டிகிரி. இதற்கு மட்டுமே ‘நாப்’ எனப்படும் தேசிய கட்டடக்கலை அங்கீகார வாரியம் அங்கீகாரம் தருகிறது. இன்னொன்று, ஏற்கெனவே பி.ஆர்க் படித்தவர்களுக்கான ‘போஸ்ட் புரொஃபஷனல்’ டிகிரி. இது பெரும்பாலும் சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் நாப் அங்கீகாரம் கிடையாது. இதைப் படித்தவர்கள் லைசென்ஸ் வாங்க நினைத்தால், இந்திய பி.ஆர்க்கைத் தனியாக மதிப்பீடு செய்யவைக்க வேண்டியிருக்கும். எந்த வழியில் போனாலும் வழக்கமான பாதையில் 3,740 மணி நேர வேலை அனுபவமும், 6 பகுதிகள் கொண்ட தேர்வும் உண்டு.

அந்த ‘கோடு’ என்ன?

படிப்பு முடிந்ததும் ‘ஓ.பி.டி’யில் 12 மாதம் வேலை பார்க்கலாம். படிப்பு ‘ஸ்டெம்’ பட்டியலில் இருந்தால் கூடுதலாக 24 மாதம் கிடைக்கும். ‘ஆர்க்கிடெக்சர்’ என்ற பொதுவான கோடு (04.0201) அந்தப் பட்டியலில் இல்லை. ‘கட்டட அறிவியல், தொழில்நுட்பம்’ கோடு (04.0902) இருக்கிறது. சில பல்கலைக்கழகங்கள் எம்.ஆர்க்கையே இந்தக் கோடின் கீழ் பதிந்துள்ளன. ஐ-20 படிவத்தில் கோடு அச்சாகியிருக்கும். ஆனால் அது கைக்கு வரும் வரை காத்திருக்காமல், விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. ஹெச்1பி குலுக்கலுக்கு ஒரு வாய்ப்பா, மூன்று வாய்ப்பா என்பது இதில்தான் இருக்கிறது.

பிரிட்டன், ஜெர்மனி எப்படி?

பிரிட்டனில் ‘ஆர்க்கிடெக்ட்’ என்பது சட்டப் பாதுகாப்பு உள்ள பட்டம். ‘ஏ.ஆர்.பி’யில் பதிவு செய்யாமல் அதைப் பயன்படுத்த முடியாது. பதிவுக்கான பாதை வழக்கமாக பார்ட் 1, 2, 3 என மூன்று படி. ஒரு வருட எம்.ஏ படிப்புகள் பொதுவாக பார்ட் 2 கணக்கில் வராது, அதற்கான எம்.ஆர்க் வழக்கமாக 2 வருடம். படிப்புக்குப் பிந்தைய கிராஜுவேட் விசாவும் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 2 ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைகிறது.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் டியூஷன் ஃபீஸ் இல்லை. ஆனால் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்காலப் பருவத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் கட்டணம் வாங்குகிறது. படிப்பு முடிந்து வேலை தேட 18 மாதம் தங்கலாம். ஜெர்மன் மொழி தெரியாமல் உள்ளூர் ஆபீஸ்களில் வேலை கிடைப்பது கஷ்டம்.

ஊருக்குத் திரும்புவதாக இருந்தால்?

இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற பி.ஆர்க் முடித்தவர்கள், 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின்படி இங்கே பதிவு செய்ய அந்த டிகிரியே போதும். அவர்களுக்கு வெளிநாட்டு லைசென்ஸ் டிகிரி கட்டாயம் இல்லை. நகர வடிவமைப்பு, பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு என்று பிடித்த துறையைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆக, எங்கே படிப்பது என்பதற்கு முன்னால் முடிவாக வேண்டியது, எங்கே தொழில் செய்யப்போகிறோம் என்பதுதான். அது தெளிவானால் ரேங்கிங் பட்டியலில் பாதிப் பெயர்கள் தானாகவே கழன்றுவிடும்.