பாதிப் பாட்டைக் கேட்டுவிட்டு…

லீவுக்கு நோர்வூட் வந்திருந்தேன். லெப்டொப்பில 'ப்ரியா' படப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா, "என்னடா, இதுல பாதியக் காணோம்?" என்றார். சிரித்தேன். ஹெட்செட்டை மாட்டினால் அவர் சொன்னதுதான் சரி. வலது ஸ்பீக்கர் எப்போதோ அடங்கிப்போயிருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

1978இல் வந்த 'ப்ரியா'வின் பாடல்களை இளையராஜா ஸ்டீரியோவில் பதிவு செய்தார். ஸ்டீரியோ என்றால் இடதுக்கு ஒரு தடம், வலதுக்கு ஒரு தடம். ஒரு ஸ்பீக்கர் செத்தால் சத்தம் மட்டும் குறையாது. அந்தப் பக்கம் மட்டும் வாசித்த கருவியே காணாமல் போய்விடும். லயத்தில் அப்பா கேட்டு வளர்ந்த ரேடியோவுக்கு ஒரே ஸ்பீக்கர்தான். ஆனால் முழுப் பாட்டும் அதற்குள் இருந்தது.

நம்மில் பலர் லெப்டொப்பில் கேட்டுத்தான் பாட்டுக்குத் தீர்ப்பு எழுதுகிறோம். போன மாதம் ஒரு புதுப் பாட்டை "வெறுமையா இருக்கு" என்று நானே திட்டினேன். குறை பாட்டிலா, என் மெஷினிலா என்று யோசிக்கவே இல்லை.

எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை ஹெட்செட்டில் கேளுங்க. அதில் இரண்டு பக்கமும் சரியாக இருந்தால், ஸ்பீக்கரில் கோளாறு இருக்கலாம். எப்படியானாலும் செட்டிங்கில் இடது, வலது அளவையும் பாருங்க. ஸ்பீக்கர் மாற்றக் காசு இல்லையா? எனக்கும் இல்லை. 'மோனோ ஓடியோ'வை ஒன் பண்ணினால் இரண்டு தடமும் சேர்ந்து நல்ல ஸ்பீக்கரிலும் வரும்.

திட்டிய பாட்டை நேற்று அப்படித்தான் மறுபடி கேட்டேன். அதில் ஒரு புல்லாங்குழல் இருக்கிறது.