தஞ்சைத் தரணியும் இருதய வைத்தியமும்

1930-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 13-ந் தேதி, திருச்சிராப்பள்ளியில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் அவர்களின் இல்லத்திலிருந்து ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் தலைமையில் புறப்பட்ட உப்புச் சத்தியாக்கிரகிகள், தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக ஏறக்குறைய 150 மைல் நடந்து 28-ந் தேதி வேதாரணியம் சேர்ந்தார்கள். அந்தத் தொண்டர் படையை வழியனுப்பிய ராஜன் ஒரு வைத்தியர் என்பதையும், 1937-இல் அமைந்த காங்கிரஸ் மந்திரிசபையில் பொது சுகாதார இலாகாவை வகித்தவர் அவரே என்பதையும் நேயர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். தேச விடுதலையும் ஜனங்களின் தேக நலமும் வெவ்வேறு காரியங்களல்ல என்பதற்கு அவரது வாழ்க்கையே சான்று.

இன்று அந்தப் பாதையை எதிர்த்திசையில் கடக்கவேண்டிய ஒருவனைக் குறித்தே நாம் எழுதுகிறோம். வேதாரணியத்துக்கு அருகே உப்பளத்திலோ வயலிலோ கூலி வேலை செய்பவன் அவன். விடியற்காலையில் அவன் மார்பை ஏதோ அழுத்துகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, வலி இடது கையில் இறங்குகிறது. வாயுப் பிடிப்பு என்று சொல்லி வீட்டார் சுக்குக் கஷாயம் கொடுக்கிறார்கள். அண்டை வீட்டார் சோடா வாங்கி வருகிறார்கள். இருதயத்துக்கு இரத்தம் செல்லும் குழாயில் கட்டி அடைத்துக்கொண்டதென்பதும், அடைப்பு நீங்காத ஒவ்வொரு நிமிஷமும் இருதயத் தசையில் ஒரு பகுதி மடிந்துகொண்டிருக்கிறதென்பதும் அவர்களுக்குத் தெரியாது. சத்தியாக்கிரகப் படைக்குப் பதினைந்து நாள் அவகாசம் இருந்தது. இவனுக்கு இருப்பவை சில மணி நேரங்களே.

இருதய வியாதி தனவந்தர்களின் வியாதி என்று சொல்லிவந்த காலம் மலையேறிவிட்டது. ஏழைக் குழந்தைகளின் தொண்டைப் புண்ணில் தொடங்கி, மூட்டுவலிக் காய்ச்சலாக வளர்ந்து, இருதய வால்வுகளைச் சிதைக்கும் நோய் ஒருபுறம். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, புகையிலை ஆகியவற்றால் நேரும் மாரடைப்பு மறுபுறம். இரண்டும் குடிசைகளில் நுழைந்து, உழைத்துச் சம்பாதிப்பவரையே கொண்டுபோகின்றன.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. அதை நம் தமிழ் வைத்தியர்களே காட்டியிருக்கிறார்கள். 2012 முதல் 2014 வரை தமிழ்நாட்டில் ஒரு பெரும் பரீக்ஷை நடந்தது. சிறு ஆஸ்பத்திரிகள் பெரிய ஆஸ்பத்திரிகளுடன் பிணைக்கப்பட்டன. நோயாளி முதலில் சேரும் இடத்திலேயே கட்டியைக் கரைக்கும் மருந்தைச் செலுத்துவது, பிறகு அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, இரத்தக் குழாயைப் படமெடுத்துப் பார்த்து அடைப்பைத் திறப்பது, இதுவே முறை. 2420 நோயாளிகளைப் பற்றிய கணக்கு 2017-இல் வெளியாயிற்று. ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்கள், இம்முறைக்கு முன் 100-க்கு 17.6 பேர், பின் 14.2 பேர். ஆயிரம் பேருக்கு 34 உயிர்கள்! இந்த லாபம் புதிய மருந்தொன்றைக் கண்டுபிடித்ததால் கிட்டியதன்று. இருந்த மருந்தையும் இருந்த மனிதர்களையும் ஒழுங்குபடுத்தி, நேரத்தைக் குறித்து, கணக்கு வைத்துக்கொண்டதால் கிட்டியது. ஆராய்ச்சி என்பது இதுதான்.

ஆராய்ச்சியெல்லாம் தில்லிக்கும் சென்னைக்கும் இருக்கட்டும், ஜில்லாக்களுக்கு வைத்தியம் போதும் என்று கூறுவோர் உண்டு. இவ்வாதத்தை நாம் அடியோடு மறுக்கிறோம். திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் ஸ்தாபனத்தில் டாக்டர் வலியத்தானும் அவர் தோழர்களும் சுதேசி இருதய வால்வு ஒன்றைச் செய்து, 1990-இல் அதை மனித இருதயத்தில் பொருத்தி வெற்றி கண்டார்கள். அவர்களும் ஆராய்ச்சி அந்நியருடையது என்று இருந்திருந்தால், இன்றளவும் நாம் ஒவ்வொரு வால்வுக்கும் அயல் நாட்டாரிடம் கையேந்தி நிற்க வேண்டியதுதான்.

தஞ்சைக்கு இவ்விஷயத்தில் ஒரு பாரம்பரியம் உண்டு. ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரி என்ற பெயரே, நெல் விளைந்த செல்வத்தில் ஒரு பங்கு நோயாளிகளுக்கு உரியதென்று முன்னோர் எண்ணியதைச் சொல்லும். ஸ்ரீ காமராஜர் முதன்மந்திரியாக இருந்த காலத்தில், 1959-இல், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆரம்பமாயிற்று. சுமார் 150 கோடி ரூபாய்ச் செலவில் எழுந்த உயர் சிறப்பு வைத்தியக் கட்டடம் 2019-ஆம் வருஷம் ஜனவரி 27-ந் தேதி திறந்துவைக்கப்பட்டது. இவையெல்லாம் நாம் மகிழ வேண்டியவையே. ஆனால் கட்டடம் வேறு, இலாகா வேறு. சுண்ணாம்பும் கல்லும் சேர்ந்தால் கட்டடம் ஆகும். வைத்தியம், போதனை, ஆராய்ச்சி என்ற மூன்றும் சேர்ந்தால்தான் சர்வகலாசாலைக்கு உரிய இருதய இலாகா ஆகும்.

இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் நொண்டும். மாணவனுக்குக் கற்பிக்காத வைத்தியரின் திறமை அவரோடு முடிந்துபோகும். கணக்கு வைக்காத வைத்தியர், தாம் காப்பாற்றியவர் எத்தனை பேர், இழந்தவர் எத்தனை பேர் என்பதை அறியமாட்டார். நோயாளியைத் தொடாத ஆராய்ச்சி ஏட்டுச் சுரைக்காயாகவே இருக்கும்.

காவிரி நாட்டின் கேள்விகளைக் காவிரி நாட்டில்தான் ஆராய முடியும். ஓர் உதாரணம் கூறுவோம். தீட்டிய வெள்ளையரிசி போன்ற தானியங்களை மிகுதியாக உண்பவர்களிடையே நீரிழிவு மிகுதி என்று சென்னை நகரத்து ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. அது பட்டணத்து ஜனங்களைப் பற்றிய கணக்கு. மூன்று வேளையும் அரிசியே உண்டு, நாள் முழுதும் சேற்றில் நின்று நாற்று நட்டவர்களின் நிலை என்ன? நடவையும் அறுவடையையும் இயந்திரம் ஏற்றுக்கொண்ட பிறகு, உணவு மாறாமல் உழைப்பு மட்டும் குறைந்தவர்களின் இருதயம் என்ன ஆகிறது? மன்னார்குடியிலும் பாபநாசத்திலும் வீடு வீடாகச் சென்று பத்து வருஷம் பொறுமையுடன் கணக்கெடுப்பவரே இதற்கு விடை கூற முடியும். அந்த வேலையைத் தஞ்சை செய்யாவிட்டால் வேறு யார் செய்வார்?

ஆதலின் சர்க்காரை நாம் கேட்பவை நான்கு. இருதய இலாகாவில் ஆசிரியர் ஸ்தானம் ஒன்றும் காலியாக இருக்கலாகாது. திருவாரூர், நாகப்பட்டினம் ஜில்லாக்களின் ஆஸ்பத்திரிகளெல்லாம் தஞ்சையுடன் இரவு பகல் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். கிராமத்துச் சுகாதார நிலையத்து டாக்டரும் நர்ஸும் வருஷந்தோறும் தஞ்சைக்கு வந்து, இருதய மின் படத்தை வாசிக்கவும் மருந்து செலுத்தவும் பயில வேண்டும். வலி கண்ட நேரம், மருந்து ஏறிய நேரம், ஒரு வருஷம் கழித்து நோயாளியின் நிலை ஆகிய இம்மூன்றையும் ஒவ்வொருவருக்கும் எழுதி, மொத்தக் கணக்கை ஆண்டுதோறும் தமிழில் பிரசுரிக்க வேண்டும். 2023-இல் ஆரம்பமான இதயம் காப்போம் திட்டத்தின்படி கிராம நிலையங்களிலேயே முதல் மாத்திரைகள் கொடுக்க ஏற்பாடு செய்யப்பட்டதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். அது முதற்படி, முதற்படியே மாடியாகிவிடாது.

சர்க்காரை மட்டும் கேட்டு நின்றுவிடுவது நம் வழக்கமன்று. பொதுக் காரியங்களில் ஈடுபட்ட தொண்டர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. மார்பு வலியை வாயு என்று தள்ளாதீர்கள், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள் என்ற இரண்டு வார்த்தைகளைக் குக்கிராமம் ஒவ்வொன்றிலும் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். குழந்தைகளின் தொண்டைப் புண்ணையும் மூட்டுவலிக் காய்ச்சலையும் அலட்சியம் செய்யாதிருக்கத் தாய்மாருக்குச் சொல்லலாம்.

1930-இல் சத்தியாக்கிரகிகளுக்கு உதவுவோர் தண்டிக்கப்படுவர் என்று ஜில்லா கலெக்டர் உத்தரவிட்டபோது, ஜனங்கள் வழியோர மரங்களில் சோற்று மூட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டு அவர்களைக் காத்தார்கள். இன்று தடுக்கும் கலெக்டர் எவருமில்லை. அந்த வழியே தஞ்சையை நோக்கி வரும் நோயாளி உயிருடன் வந்து சேரவும், உயிருடன் வீடு திரும்பவும் செய்ய வேண்டியதைச் செய்யாமலிருந்தால், நாம் எந்த அதிகாரத்தின் மீது பழி சுமத்த முடியும்?