ஒலிவாங்கிக்கு முன்னால் ஒரு விதி, பின்னால் ஒரு விதி

புது தில்லி: ஆகாசவாணியில் 'ஏ' கிரேடு பெற்ற பாடகர், பட்டப்படிப்பும் பெயர்பெற்ற குருவிடம் கற்ற பயிற்சியும் இருந்தால், 'நெட்' தேர்வு எழுதாமலேயே பல்கலைக்கழக இசைத் துறையில் உதவிப் பேராசிரியராகலாம். அவர் பாட்டைப் பதிவு செய்த ஒலிப்பதிவாளரோ, அதே நிலையத்தில் 20 ஆண்டுகள் செய்தி தயாரித்தவரோ அந்த அனுபவத்தை மட்டும் கொண்டு ஒலிபரப்பியல் கற்பிக்க நிரந்தரப் பணிக்கு வர இயலாது.

பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலை 18-ல் வெளியிட்ட ஒழுங்குமுறையின் விளைவு இது. இசை, நடனம், நாடகம், ஓவியம் ஆகியவற்றுக்குத் தொழில்முறைக் கலைஞர்களுக்கென அதில் தனி வழி உண்டு. ஒலிபரப்பு, ஒலித் தயாரிப்பு, இணைய இதழியல் ஆகியவற்றுக்கு இல்லை. முதுநிலைப் பட்டத்தில் 55 சதவீத மதிப்பெண்ணுடன் 'நெட்' அல்லது மாநில 'செட்' தேர்ச்சி, இல்லையேல் விதிப்படி பெற்ற முனைவர் பட்டம் வேண்டும்.

'நெட்' என்பது மூன்று மணி நேரத்தில் 150 கொள்குறி வினாக்கள். ஒரு நிமிட ஒலிப்பதிவைக்கூடத் தேர்வர் தொகுத்துக் காட்ட வேண்டியதில்லை.

நேர்காணலுக்கு அழைப்பதற்கான மதிப்பெண் பட்டியல் இன்னும் விசித்திரமானது. மொத்தம் 100-ல் முனைவர் பட்டத்துக்கு 30. ஆய்வுக் கட்டுரை ஒவ்வொன்றுக்கும் 2 வீதம் 10 வரை. கற்பித்தல் அனுபவத்துக்கு 10 வரை. செய்தி அறையிலும் ஒலிப்பதிவுக் கூடத்திலும் கழித்த ஆண்டுகளுக்கு ஒரு மதிப்பெண்ணும் இல்லை. வானொலியைப் பற்றிக் கட்டுரை எழுதியவர் வானொலியில் உழைத்தவரை முந்திவிடுகிறார்.

இக்குறையைப் போக்க வந்ததாகச் சொல்லப்படுவது 2022-ல் அறிமுகமான 'பயிற்சிமுறைப் பேராசிரியர்' திட்டம். ஊடகத் துறையும் அதில் இடம்பெற்றுள்ளது. ஆனால் 15 ஆண்டு அனுபவம் கட்டாயம். அதிகபட்சப் பணிக்காலம் நீட்டிப்புடன் சேர்த்து 4 ஆண்டுகள். தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப அனுமதி இல்லாத நாட்டில், 15 ஆண்டு வானொலிச் செய்தி அனுபவம் உள்ளவரைத் தேடினால் பெரும்பாலும் ஆகாசவாணியின் வாசலில்தான் நிற்க வேண்டும். மேலும், இந்நியமனங்கள் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களுக்கு வெளியே நடைபெறுபவை. அப்படியானால் இடஒதுக்கீடு என்னவாகும் என்ற கேள்வி நியாயமானதே.

பாதிக்கப்படுவது யார்? கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்ளலாம். 2001-ல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, அங்குள்ள குடியிருப்புகளின் தமிழ் இளைஞர்கள் ரயிலேறிப் பெங்களூரு சென்றே பிழைக்க வேண்டியதாயிற்று. கோலாரை அடுத்த தமகாவில் பெங்களூரு வடக்குப் பல்கலைக்கழகம் பின்னர் அமைந்தது. பட்டத்தோடு கைத்தொழிலும் தேவைப்படும் இத்தகைய முதல் தலைமுறை மாணவருக்கு, கருவியைக் கையாண்டு பழகாத ஆசிரியரிடம் கற்பது இரட்டை நஷ்டம். வசதியுள்ளவர் தனியார் நிறுவனத்தில் பணம் கட்டிக் கற்றுக்கொள்வார்.

தமிழகத்துக்கும் இதில் அக்கறை இருக்க வேண்டும். நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி 2004 பிப்ரவரி 1-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது.

2025 ஜனவரியில் மானியக் குழு புதிய வரைவை வெளியிட்டபோது, துணைவேந்தர் தேர்வில் மாநில உரிமை பறிபோவதை எதிர்த்துத் தமிழகச் சட்டப்பேரவை ஜனவரி 9-ல் தீர்மானம் நிறைவேற்றியது. எதிர்ப்பு சரியானதே. ஆனால் அந்தப் பரபரப்பில் ஆசிரியர் தகுதி குறித்த பகுதியைப் பலர் ஊன்றிப் படிக்கவில்லை. யோகாவும் சிற்பமும் இடம்பெற்ற தனி வழியில் ஊடகம் அப்போதும் சேர்க்கப்படவில்லை.

சேர்ப்பது கடினமன்று. பட்டம், செய்முறைத் தேர்வு, குறிப்பிட்ட ஆண்டு அனுபவம் ஆகியவற்றை வரையறுத்து, இடஒதுக்கீட்டுக்கு உட்பட்ட நிரந்தரப் பணியிடங்களிலேயே நியமிக்கலாம். செய்முறைத் தேர்வு இல்லாவிட்டால் சிபாரிசுக்காரர்கள் நுழைந்துவிடுவர் என்ற அச்சத்துக்கும் இடமிராது.

1956-ஆம் ஆண்டு மானியக் குழுச் சட்டத்தின் 28-ஆவது பிரிவின்படி, ஒழுங்குமுறைகள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் 30 நாள்கள் வைக்கப்பட வேண்டும். இரு அவைகளும் ஒப்புக்கொண்டால் அவற்றைத் திருத்தலாம். நாள்தோறும் மேஜையில் வைக்கப்படும் காகிதக் கட்டுகளுக்கிடையே அதைப் பிரித்துப் படித்துத் திருத்தம் கொடுக்க ஓர் உறுப்பினர் முன்வர வேண்டும்.