தொலைபேசியை எடுத்துப் பேச ஆள் வேண்டும்

பீடித் தொழிலாளர் உதவி மையத்தை மூடவில்லை, மேம்படுத்தியிருக்கிறோம் என்று சங்க நிர்வாகம் விளக்கம் கொடுத்திருக்கிறது. அங்கே வேலை பார்த்த இரண்டு பெண்களை வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. அவர்கள் உட்கார்ந்திருந்த மேசையையும் எடுத்தாயிற்று. வருகிற அழைப்புகள் எல்லாம் ஏ.ஐ. ஏஜெண்டுக்குப் போகின்றன. இதை மேம்பாடு என்று நம்மால் சொல்ல முடியாது. முடிவு தவறு, எடுத்த விதம் அதைவிடத் தவறு.

செலவு குறையும், இரவு பகல் பாராமல் பதில் கிடைக்கும், ஒரே நேரத்தில் நூறு பேரிடம் பேசும் என்று காரணங்களை அடுக்குகிறார்கள். மத்தளம்பாறையில் இருந்துகொண்டு ஸோஹோ நிறுவனம் உலகத்துக்கே மென்பொருள் அனுப்பும் தென்காசி மாவட்டத்தில் ஏ.ஐ.யைக் கண்டு பயப்படலாமா என்றும் கேட்கிறார்கள். பயம் எதுவும் இல்லை. சந்தா ரசீது போடவும், உறுப்பினர் பட்டியலைச் சரிபார்க்கவும், கூட்டக் குறிப்பு எழுதவும் ஏஜெண்டைத் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். உதவி கேட்டு வருகிறவர்களுக்கு எதிரில் அதை உட்கார வைத்ததுதான் நம் புகார்.

அந்த மேசையில் என்ன வேலை நடந்தது என்று நிர்வாகிகளுக்குத் தெரியுமா? கடந்த சாரல் காலத்தில் ஒருநாள் அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். கீழப்பாவூர்ப் பக்கத்திலிருந்து அறுபது வயதை நெருங்கும் அம்மா ஒருவர், பாலித்தீன் பையில் சுற்றிய பி.எஃப். காகிதங்களோடு வந்தார். பணம் கேட்டு அனுப்பிய மனு இரண்டு முறை தள்ளுபடியாகியிருந்தது. காரணம் அவருக்குப் புரியவில்லை. ஊழியர் ஆதார் அட்டையையும் பி.எஃப். தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றில் பேச்சியம்மாள், இன்னொன்றில் பேச்சியம்மா. இனிஷியலும் வேறு. “கல்யாணத்துக்கு முன்னாடியே சுத்த ஆரம்பிச்சிட்டீங்களா யக்கா?” என்று கேட்டார். “ஆமா தாயி, பதினாறு வயசுல” என்றார் அந்த அம்மா. முடிச்சு அங்கேயே அவிழ்ந்தது. பி.எஃப். கணக்கு தொடங்கியபோது அப்பாவின் இனிஷியல். ஆதார் எடுத்தபோது கணவரின் இனிஷியல். அந்த ஊழியரும் பீடி சுற்றும் வீட்டில் வளர்ந்தவர். அதனால்தான் அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியது.

இந்தச் சிக்கல் ஒரு பேச்சியம்மாளோடு முடிவதில்லை. தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம், பாவூர்சத்திரம் வட்டாரத்தில் சுளகை மடியில் வைத்து இலை வெட்டிச் சுற்றும் பெண்கள் பலருக்கும் பெயரில், இனிஷியலில், பிறந்த தேதியில் ஏதாவது ஒரு முரண் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத தலைமுறை அது. கேட்டவர் எழுதியதுதான் பெயர். சொன்ன வயதுதான் பிறந்த ஆண்டு. அதைச் சரிசெய்ய வேண்டுமானால் பெரும்பாலும் கம்பெனியின் ஒப்புதல் வேண்டும். பட்டறை கைமாறியிருக்கும், கிளையை மூடியிருப்பார்கள். யாரைப் பார்க்க வேண்டும், எந்த நாளில் போனால் ஆள் இருப்பார் என்பதையெல்லாம் அந்த இரண்டு பெண்கள் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாய் வரை கிடைக்கும் கல்வி உதவித்தொகையின் கதையும் இதேதான். விண்ணப்பம் இணையத்தில், கடைசித் தேதி தப்பினால் ஓராண்டு போச்சு. தேதி நெருங்கும்போது வீடு வீடாகப் போன் போட்டு ஞாபகப்படுத்தியது யார்?

புதிய ஏற்பாட்டையும் சோதித்துப் பார்த்தோம். மூன்று முறை அழைத்து இதே பெயர்ச் சிக்கலைச் சொன்னோம். சுத்தமான தமிழில், ஒரு தடுமாற்றமும் இல்லாமல், பி.எஃப். இணையதளத்தில் கூட்டு அறிவிப்புப் படிவத்தை நிரப்பச் சொன்னது. சொன்னதில் பிழை இல்லை. எந்தக் கம்பெனி, அது இப்போது நடக்கிறதா, படிவத்தை நிரப்ப வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று மூன்று முறையும் அது கேட்கவில்லை. மூன்றாவது முறை, சேவையில் திருப்தியா என்று கேட்டது. இந்த ஊர்ப் பெண்களுக்கு ஏஜெண்ட் என்ற சொல் புதிதல்ல. இலையும் தூளும் அளந்து கொடுத்து, கழிவு என்று சொல்லிக் கட்டுகளைத் தள்ளிவிடும் இடைத்தரகரிடம் அவர்கள் பட்டது போதாதா?

வெளிநாட்டில் இப்படித்தான் நடக்கிறது என்று சொல்பவர்கள் அங்கே நடந்ததை முழுதாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் உணவுப் பழக்கம் சார்ந்த மனநோய்களால் அவதிப்படுவோருக்கான தேசியச் சங்கம், பல ஆண்டுகளாக மனிதர்கள் நடத்திவந்த உதவித் தொலைபேசியை 2023-இல் மூட முடிவெடுத்தது. அதன் ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைத்த சமயம் அது. டெஸ்ஸா என்ற உரையாடல் மென்பொருள் இருக்கிறது என்றார்கள். சாப்பிடவே அஞ்சி உடலை வதைத்துக்கொள்ளும் நோயாளிகளுக்கு அந்த டெஸ்ஸா உடல் எடையைக் குறைக்க யோசனை சொன்னது. விஷயம் வெளியே வந்ததும் அந்த ஆண்டு மே மாத இறுதியிலேயே டெஸ்ஸாவை நிறுத்த வேண்டியதாயிற்று.

இதே நிர்வாகிகளின் பழைய கதையையும் மறக்க முடியாது. விரல்ரேகை வைத்தால்தான் உறுப்பினர் அட்டை புதுப்பிக்கப்படும் என்று கொண்டுவந்தவர்கள் இவர்கள். நாள் முழுக்க இலை உருட்டி ரேகை தேய்ந்த விரல்களை அந்த இயந்திரம் ஏற்கவில்லை. பெண்கள் கையைத் தண்ணீரில் நனைத்தும் சேலையில் துடைத்தும் வரிசையில் நின்றார்கள். அடுத்து கைபேசிச் செயலி வந்தது. பட்டன் போன் வைத்திருந்தவர்களிடம் அதை இறக்கிக்கொள்ளச் சொன்னார்கள். அதன் பிறகு இணையதளம். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-இல். அந்தத் தளத்தில் இன்றும் திருநெல்வேலி மாவட்டம் என்றே இருக்கிறது. எத்தனை தொடக்க விழாக்கள், எத்தனை பொன்னாடைகள்! ஒன்றுக்காவது கணக்கு சொன்னார்களா? 2017-இல் ஜி.எஸ்.டி. வந்து பீடித் தொழிலாளர் நல நிதிக்கான தீர்வை ஒழிந்தபோது, உறுப்பினர்களைக் கூட்டி அதன் விளைவை விளக்கக்கூட இவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை.

இப்போதும் பொதுக்குழுவிடம் கேட்கவில்லை. உதவி கேட்டு வரும் பெண்களின் ஆதார் எண்ணும் பி.எஃப். எண்ணும் எந்த நிறுவனத்தின் கணினிக்குப் போகின்றன என்ற கேள்விக்கு விளக்க அறிக்கையில் ஒரு வரி இல்லை. தரவு கொடுப்பவர் விரும்பினால் அவரது ஒப்புதலைத் தமிழிலும் கேட்க வழி செய்ய வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தமிழில் ஒரு துண்டுச்சீட்டாவது கொடுத்தார்களா?

தொழில்நுட்பத்தை எங்கே வைப்பது என்று தெரிந்துகொள்ள வெளிநாடு போக வேண்டாம், ஆய்க்குடி வரை போனால் போதும். 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், மாற்றுத்திறன் குழந்தைகளின் வீடுகளுக்குச் செல்லும் களப்பணியாளரின் கையில் செயலியைக் கொடுத்தது. கதவைத் தட்டுவது இன்னும் மனிதர்தான்.

நிர்வாகம் இந்த முடிவைத் திரும்பப் பெற வேண்டும். உறுப்பினர்களை அழைத்துப் பேசட்டும், நல்ல ஏற்பாடு ஒன்று செய்யட்டும். மனம் இருந்தால் வழி பிறக்கும். உதவி மையத்தின் எண் உறுப்பினர் அட்டையின் பின்புறம் அச்சாகியிருக்கிறது. அந்த இரண்டு பெண்களின் குரல் கேட்கும் என்று நம்பி உறுப்பினர்கள் இன்னும் அந்த எண்ணுக்குத்தான் போன் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.