மேல்வரி என்னும் கீழறுப்பு!

உந்துவண்டிக்கு ஓர் இலிட்டர் கன்னெய் வாங்கும் தமிழன், அதன் விலைக்குள் தில்லிக்கு எவ்வளவு கட்டுகின்றான் என்பதை அறிவதில்லை. 2021 ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் தொடங்கி நவம்பர்த் தொடக்கம் வரை, ‘பெட்ரோல்’ எனப்படும் அக்கன்னெய் இலிட்டர் ஒன்றின்மேல் நடுவணரசு தண்டிய தீர்வை 32 உருபா 90 காசு. இதில் மாநிலங்களோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டிய அடிப்படைத் தீர்வை எவ்வளவு தெரியுமா? 1 உருபா 40 காசு! எஞ்சிய 31 உருபா 50 காசும், சாலை மேல்வரி 18 உருபா, சிறப்புக் கூடுதல் தீர்வை 11 உருபா, வேளாண் கட்டமைப்பு மேல்வரி 2 உருபா 50 காசு என்னும் பெயர்களால் தில்லிக் கருவூலத்திற்கே உரியனவாயின. அந்த 1 உருபா 40 காசில் 41 விழுக்காடு, அஃதாவது ஏறத்தாழ 57 காசு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து உரியது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடு. கணக்கிட்டுப் பாருங்கள், இரண்டரைக் காசுகூடத் தேறாது!

இத்தகைய கணக்கை வைத்துக்கொண்டிருப்போர்தாம் நமக்குச் சிக்கனப் பாடம் சொல்ல வருகின்றனர். மாநிலங்கள் கடனில் மூழ்குகின்றன என்கின்றனர். வரவுக்கு மீறிச் செலவிடுகின்றன என்கின்றனர். இலவயங்களால் நாடு கெடுகின்றது என்கின்றனர். தமிழ்நாட்டிலும் படித்தவர் பலர் இக்கூற்றை அப்படியே விழுங்கிவிட்டுத் தம் இனத்தையே தூற்றித் திரிகின்றனர். செலவைப் பற்றிப் பேசுவோர் வரவு எங்கே போயிற்று என்று கேட்க வேண்டாவா? குளத்தின் மதகைத் திறந்து நீரைக் கொண்டுபோனவனே, ‘உன் குளத்தில் நீரில்லையே, நீ வீணன்’ என்று பழித்தால், அதற்குத் தலையாட்டுவது அறிவுடைமை ஆகுமா?

இங்கே மேல்வரி என்று யாம் குறிப்பது ‘செசு’ என்று வழங்கப்பெறும் வரியை. தமிழில் சொல்லாமல் அயற்சொல்லாகவே இதை வைத்திருப்பதில் ஒரு வசதி உண்டு. மக்களுக்கு விளங்காத சொல்லால் தண்டப்படும் வரியை மக்கள் எதிர்த்துக் கேட்பதில்லை. அச்சொல்லின் பிறப்பும் கருதத் தக்கதே. மதிப்பிடுதல் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் குறுக்கமாகிய அது, அயர்லாந்தை ஆங்கிலேயர் அடக்கியாண்ட காலத்தில், ஆளுநர் வீட்டுக்கும் படைக்கும் வேண்டிய உணவுப் பொருள்களை, அரசு வைத்ததே விலையாக, அந்நாட்டு மக்களிடமிருந்து பறித்த முறைக்குப் பெயராய் நின்றது. பின்னர் இந்நாட்டிற்கும் வந்தது. ஆயினும் வெள்ளையன் சென்னை மாநிலத்தில் நிலவரியோடு சேர்த்துத் தண்டிய அவ்வரியாவது வட்டாரச் சாலைக்கும் பள்ளிக்கும் உரியதென ஒதுக்கப்பட்டது. இன்றைய தில்லியின் மேல்வரியோ ஊரை விட்டுப் போகும் பணம். திரும்பி வருமாயின், தில்லி வகுத்த திட்டத்தின் பெயரால், தில்லி இட்ட கட்டளைகளோடு வரும்.

இந்தச் சூழ்ச்சி நேற்றுத் தொடங்கியதன்று. வரிகளுள் பெருகுவன தில்லிக்கும், செலவுகளுள் பெருகுவன மாநிலங்களுக்கும் என்று வகுத்ததே இந்திய அரசியல் சட்டம். கல்வி, மருத்துவம், காவல், வேளாண்மை, குடிநீர் ஆகிய எல்லாம் மாநிலங்களின் தலையில். வருமானவரியும் சுங்கமும் நிறுவனவரியும் தில்லியின் கையில். இந்தக் கோணலை நேர்செய்வதற்கென்றே ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிதிக்குழு அமைக்கும் ஏற்பாடு சட்டத்தின் 280 ஆம் பிரிவில் வைக்கப்பட்டது. முதல் நிதிக்குழு வருமானவரியில் 55 விழுக்காட்டை மாநிலங்களுக்குத் தரச் சொன்னது. இரண்டாம் குழு 60 என்றது. மூன்றாம் குழு மூன்றில் இரு பங்கு என்றது. நான்காம் குழு 75 என்றது. ஏழாம் குழு 85 என்றது. ‘ஆ! எத்துணைப் பெருந்தன்மை!’ என்று வியந்தோர் பலர்.

ஆனால் நடந்தது என்ன? நிறுவனங்கள் கட்டிய வருமானவரி அதுவரை பங்கீட்டுக்குள் இருந்தது. 1959 ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தால் அதனை ‘நிறுவனவரி’ என்று பெயர் மாற்றித் தில்லி தனக்கே ஆக்கிக்கொண்டது. தொழில் வளர வளரப் பெருகும் வரி பங்கீட்டை விட்டு வெளியேறியது. எஞ்சியதில் விழுக்காடு மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. சோற்றைக் குறைத்துவிட்டு இலையைப் பெரிதாக்கினர்! தமிழக அரசு அமைத்த இராசமன்னார் குழு, நிறுவனவரியையும் பங்கிட வேண்டும் என்று 1971 இல் எழுதி வைத்தது. தில்லி அதைப் பல்லாண்டு பொருட்படுத்தவே இல்லை.

2000 ஆம் ஆண்டில் அரசியல் சட்டத்தின் எண்பதாம் திருத்தம் வந்தது. நடுவணரசின் வரிகள் அனைத்தையும் பங்கீட்டுக்குள் கொண்டுவருவதாக அது பெருமை பேசிற்று. ஆனால் அதே திருத்தத்துள் ஒரு பின்வாயிலும் வைக்கப்பட்டது. மேல்வரிகளும் கூடுதல் வரிகளும் பங்கீட்டில் சேரா என்பதே அது. முன்வாயிலால் நிறுவனவரி உள்ளே வந்தது. பின்வாயிலால் மேல்வரி வெளியேறத் தொடங்கிற்று. 2015 இல் பதினான்காம் நிதிக்குழு மாநிலங்களின் பங்கை 32 இலிருந்து 42 விழுக்காடாக உயர்த்தியது. பெற்றுக்கொண்ட மாநிலங்கள் மகிழ்ந்தன. ஆனால் 2011-12 இல் நடுவணரசின் மொத்த வரி வருவாயில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக இருந்த மேல்வரியும் கூடுதல் வரியும், 2020 அளவில் ஐந்தில் ஒரு பங்காகப் பெருகிவிட்டன.

இதன் பொருளைச் சிறு பிள்ளையும் கணக்கிடலாம். 100 உருபா வரியில் 20 உருபா மேல்வரியாகவும் கூடுதல் வரியாகவும் ஒதுங்கிவிட்டால், எஞ்சிய 80 உருபாவில்தான் 41 விழுக்காடு. அது 32 உருபா 80 காசு. பெயர் 41, கைக்கு வருவதோ 33 ஐக் கூட எட்டாது!

இஃது அறியாது நேர்ந்ததென எண்ணாதீர்கள். 2021 பிப்பிரவரியில் வேளாண் கட்டமைப்பு மேல்வரி என ஒன்றைப் புதிதாகப் புகுத்தினர். கன்னெய்மேல் அது 2 உருபா 50 காசு. ‘மக்கள்மீது இதனால் சுமை ஏறாது’ என்றனர். உண்மைதான், ஏறவில்லை. ஏன்? சிறப்புக் கூடுதல் தீர்வையை 12 உருபாவிலிருந்து 11 ஆகவும், அடிப்படைத் தீர்வையை 2 உருபா 98 காசிலிருந்து 1 உருபா 40 காசாகவும் குறைத்துவிட்டனர். வாங்குவோன் கட்டிய பணம் ஏறக்குறைய அதுவே; மாநிலங்களுக்குப் பங்கிட வேண்டிய பகுதி மட்டும் பாதியாகிவிட்டது. உழவன் பெயரைச் சொல்லி மாநிலங்களின் மடியில் கை வைத்த வேலையன்றி இது வேறென்ன?

எந்த நோக்கத்திற்கெனத் தண்டினரோ அந்த நோக்கத்திற்கேனும் செலவிட்டனரா? நடுவணரசின் கணக்குகளை ஆய்ந்த தலைமைத் தணிக்கையரே 2020 இல் இதற்கு விடை சொன்னார். 2018-19 இல் 35 வகை மேல்வரி, தீர்வைகளால் வந்த 2,74,592 கோடி உருபாவில், அவற்றிற்குரிய வைப்புகளுக்கு மாற்றப்பட்டது 1,64,322 கோடியே. கரட்டெண்ணெய்மேல் பத்தாண்டுகளில் தண்டிய 1,24,399 கோடி உருபா, அதற்குரிய வாரியத்திற்கு மாற்றப்படவே இல்லை. இவ்வாறு கணக்கு வைப்போர் பிறரைச் சிக்கனமாயிருக்கச் சொல்வது வியப்பினும் வியப்பே!

இனிப் பற்றாக்குறைக்கு வருவோம். நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் 2003 இல் இயற்றப்பட்டது. பற்றாக்குறை மொத்த விளைவு மதிப்பில் 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது அதன் இலக்கு. அச்சட்டம் 2004 இல் நடைமுறைக்கு வந்தபின் 2024-25 வரை, நடுவணரசு 3 விழுக்காட்டுக்குள் நின்றது 2007-08 என்னும் ஒரே ஆண்டில்! 2020-21 இல் அது 9 விழுக்காட்டையும் கடந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் கடன் வாங்கியது குற்றமன்று; அக்காலத்தில் வாங்காமலிருந்தால்தான் குற்றம். ஆனால் மாநிலம் ஒன்று தன் எல்லையைச் சற்றே மீற விரும்பினாலும், அரசியல் சட்டத்தின் 293 ஆம் பிரிவைக் காட்டித் தில்லி இசைவு மறுக்கின்றது. கடன் எல்லையைப் பற்றிய இந்த வழக்கோடுதான் கேரள அரசு 2023 திசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் வாயிலில் போய் நின்றது. ஒரே சட்டம் கட்டுவோனைக் கட்டாமல், கட்டப்பட்டோனை மட்டும் கட்டுவது எந்நாட்டு நயன்மை?

‘இலவயங்களால் கெட்டீர்கள்’ என்கின்றனர். 2022 சூலையில் தலைமையமைச்சரே அதனை மேடையில் இழித்துரைத்தார். யாம் கேட்கின்றோம்: 2019 செப்தம்பரில் பெருநிறுவனங்களின் வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகக் குறைத்து, அதனால் ஆண்டுக்கு 1.45 இலக்கங்கோடி உருபா இழப்பு என்று தாமே அறிவித்தனரே, அதற்கு என்ன பெயர்? முதலாளிக்குக் கொடுத்தால் ஊக்கம், ஏழைப் பிள்ளைக்குச் சோறிட்டால் வீணா? அதிலும் குறைத்தது, மாநிலங்களுக்குப் பங்கு உள்ள அடிப்படை வரியை. பங்கில்லாத கூடுதல் வரி 10 விழுக்காடாக அதன்மேல் நின்றது. வள்ளன்மை தில்லியினது, இழப்பில் பங்கு மாநிலங்களுக்கும்! பள்ளிப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு தந்ததையும், 1982 இல் அது விரிந்ததையும் வீண்செலவென்று அன்றும் பழித்தனர். 2001 இல் உச்ச நீதிமன்றமே இந்தியா முழுமையும் பள்ளிகளில் சமைத்த உணவு தருமாறு ஆணையிட்டது. நேற்று வீண் என்றது இன்று வழிகாட்டி ஆயிற்று.

இங்கே ஒரு மறுப்பு எழும். ‘வளர்ந்த மாநிலம் தளர்ந்த மாநிலத்திற்குக் கொடுக்க வேண்டாவா? பீகாரத்து ஏழையும் மாந்தன் அல்லனா?’ என்பர். மாந்தனே. அவன் பசியைத் தமிழன் பகடி செய்ய மாட்டான். ஆனால் நன்கு நோக்குங்கள். பீகாரத்து ஏழைக்குரிய பங்கும் அந்தப் பங்கீட்டுத் தொகையிலிருந்துதான் போகின்றது. மேல்வரியில் பீகாருக்கும் உரிமைப் பங்கில்லை, நமக்கும் இல்லை. நம்மிடமிருந்து பறித்தது அவனுக்கும் உரிமையாய்ப் போய்ச் சேரவில்லை. தில்லியின் விருப்பத்திற்கே போயிற்று. எனவே இது தமிழனுக்கும் பீகாரிக்கும் இடையிலான வழக்கன்று. தில்லிக்கும் எல்லாத் தேசிய இனங்களுக்கும் இடையிலான வழக்கு. ஒருவன் வறுமையைக் காட்டி மற்றவன் வாயை அடைப்பதே ஆள்வோரின் பழைய வித்தை.

பங்கீட்டிலும் நாம் தேய்ந்தே வந்துள்ளோம். ஒன்பதாம் நிதிக்குழுவில் 7.931 விழுக்காடாயிருந்த நம் பங்கு, பத்தாம் குழுவில் 6.637, பதினொன்றாம் குழுவில் 5.385 எனச் சரிந்து, 2021-26 க்குரிய பதினைந்தாம் குழுவில் 4.079 இல் வந்து நின்றது. 2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்களுள் நாம் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர். அதற்குமேல் கல்விக்கென ஒரு மேல்வரியையும் தமிழன் கட்டுகின்றான். ஆனால் 2024-25 ஆம் ஆண்டின் பள்ளிக் கல்வித் திட்டத்திற்காக நமக்கு வரவேண்டிய 2,152 கோடி உருபாவை, தம் கல்விக் கொள்கையோடு இணைந்த திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காகத் தில்லி நிறுத்தி வைத்தது. நம்மிடம் தண்டிய பணத்தைக் காட்டியே நம் மொழிக் கொள்கையை விலைபேசும் துணிவு அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? வரியுரிமை இழந்தவன் மொழியுரிமையையும் காக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பிறரைச் சொல்லி நம் குற்றத்தை மறைத்தல் தகாது. 2000 இல் அத்திருத்தம் நிறைவேறியபோதும், 2004 இல் கல்வி மேல்வரி புகுத்தப்பட்டபோதும், தமிழ்நாட்டுக் கட்சிகளின் அமைச்சர்கள் தில்லி அமைச்சரவையில் அமர்ந்தே இருந்தனர். 2004 இன் மேல்வரியைக் கொணர்ந்த ப. சிதம்பரமும், 2021 இன் மேல்வரியைக் கொணர்ந்த நிருமலா சீதாராமனும் தமிழ் மண்ணில் பிறந்தோரே. பிறப்பால் தமிழராயிருத்தல் போதாது. கொள்கையால் தமிழராதல் வேண்டும். மேலும், 2013-14 முதல் ஆண்டுதோறும் வருவாய்ப் பற்றாக்குறையில் ஓடிய தமிழக அரசு, 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையையும் தானே நடத்தி, குடிகாரன் வீட்டு அடுப்பின் அணைந்த நெருப்பில் தன் கருவூலத்தைச் சூடேற்றிக்கொண்டது. தில்லி பறித்தது உண்மை. அந்தக் குழியைத் தமிழ்ப்பெண்டிரின் கண்ணீரால் நிரப்பியது நம்மவர் செய்த கொடுமை.

எனவே நாம் கேட்க வேண்டியன இவை: மேல்வரியும் கூடுதல் வரியும் மொத்த வரியில் இன்ன அளவைத் தாண்டக்கூடாது என்று அரசியல் சட்டமே எல்லை கட்ட வேண்டும். எந்த மேல்வரியும் குறித்த ஆண்டுகளுக்கு மேல் நீடித்தால், தானாகவே பங்கீட்டுக்குள் வந்துவிட வேண்டும். பற்றாக்குறை எல்லை மாநிலத்திற்கு எதுவோ, அதுவே தில்லிக்கும் ஆதல் வேண்டும். நிதிக்குழுவின் உறுப்பினரைத் தேர்வதில் மாநிலங்களுக்கும் உரிமை வேண்டும். இவற்றை வலியுறுத்தாமல் வாக்குக் கேட்டு வருவோரிடம், கட்சி பாராமல், இக்கணக்கை முன்வைத்து விடை கேளுங்கள்.

தமிழர்களே! ‘செசு’ என்னும் அயற்சொல்லை மேல்வரி என்று தமிழாக்கித் தெருத்தோறும் சொல்லுங்கள். கன்னெய் வாங்குவோனிடம் சொல்லுங்கள், கடைக்காரரிடம் சொல்லுங்கள், கல்லூரி மாணவரிடம் சொல்லுங்கள். தாம் கட்டும் வரி எதுவென்று தம் மொழியில் அறிந்த மக்களை நெடுநாள் ஏய்க்க எவராலும் இயலாது!