வீட்டுக்குள் ஆங்கிலம்: எல்லாமே 'ஸ்டாப்' இல்லை!

சென்ற இதழில் 'கிவ்' என்ற சொல்லின் விளையாட்டுகளைப் பார்த்தோம். இந்த முறை 'ஸ்டாப்'. "இதிலே என்ன இருக்கு? பஸ் ஸ்டாப் தெரியாதவங்க யாரு?" என்று கேட்பீர்கள். சங்கடமே அதுதான். நன்றாகத் தெரிந்த சொல் என்பதால் எல்லாவற்றுக்கும் அதையே போட்டுவிடுகிறோம். பேப்பரை ஸ்டாப் பண்ணியாச்சு, பாட்டு கிளாஸை ஸ்டாப் பண்ணியாச்சு, மாத்திரையையும் ஸ்டாப் பண்ணியாச்சு! தமிழிலும் இந்த 'நிற்பது' அப்படித்தான். மழை நிற்கும், கடிகாரம் நிற்கும், பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவும் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் நின்றுவிடுவாள். பேப்பர், பாட்டு வரைக்கும் பாதகமில்லை. மருந்து, தாய்ப்பால், மணவாழ்க்கை என்று வரும்போது சொல் பிசகினால் காரியமும் பிசகும்.

முதலில் ஒரு சின்ன இலக்கணம். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு, "அப்பா ஸ்டாப்ட் டு டேக் த டேப்லெட்ஸ்" என்று எழுதினால் அவன் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவான். ஏனென்றால், செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டு அப்பா மாத்திரை போட்டுக்கொண்டார் என்றுதான் அதற்கு அர்த்தம். மாத்திரையே வேண்டாமென்று விட்டுவிட்டார் என்றால் "ஸ்டாப்ட் டேக்கிங்" என்று எழுத வேண்டும். 'டு' வந்தால் எதற்காக நின்றார்; 'இங்' வந்தால் எதை நிறுத்தினார். அவ்வளவுதான்.

டாக்டர்கள் இந்த 'ஸ்டாப்'பைப் பல தினுசாகச் சொல்வார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'டிஸ்கன்டினியூ' என்றிருந்தால் அந்த மருந்து இனி வேண்டாம். 'ஹோல்ட்' என்றிருந்தால் தற்சமயத்துக்கு மட்டும் நிறுத்தி வைக்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன்னால் சிலருக்கு ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையை இப்படி நிறுத்துவதுண்டு. "மறுபடி எப்போ ஆரம்பிக்கணும் டாக்டர்?" என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொண்டு வாருங்கள். 'டேப்பர்' என்றால் படிப்படியாகக் குறைப்பது. மெழுகுவத்திக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயரும் உண்டு. அடியிலிருந்து நுனி வரை மெலிந்துகொண்டே போகிறதல்லவா, அதே போல. ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் சாப்பிட்டவர்களும், வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் "உடம்பு சரியாயிடுச்சே" என்று ஒரே நாளில் நிறுத்தினால் ஆபத்தில் முடியலாம். காசநோய்க்கான வழக்கமான சிகிச்சையோ 6 மாதம். இரண்டே மாதத்தில் இருமல் அடங்கி, முகத்தில் தெளிவும் வந்துவிடும். அங்கே நிறுத்திவிட்டால் நோய் திரும்பி வரலாம், பழைய மருந்துக்குக் கட்டுப்படாமலும் போகலாம்.

இளம் தாய்மார்களை அதிகம் குழப்பும் சொல் 'வீன்'. தமிழில் 'பால் மறக்கடிப்பது' என்கிறோம். வேப்பிலையை அரைத்துத் தடவி, குழந்தை முகம் சுளித்து அழ, பக்கத்தில் பாட்டி ஒருத்தி தேற்ற... அதெல்லாம் நமக்குத் தெரிந்த காட்சி. ஆனால் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் பழைய அர்த்தம் 'பழக்குவது'. அதனால் ஒரு புத்தகத்தில் 'வீனிங்' என்றால் குழந்தைக்குக் கூழும் சாதமும் பழக்க ஆரம்பிப்பது. இன்னொன்றில் தாய்ப்பாலை அடியோடு நிறுத்துவது. ஒரே சொல்லுக்கு ஆரம்பம், முடிவு என்று இரண்டு அர்த்தம் இருந்தால் பெற்றவள் என்ன செய்வாள்?

"ஆறு மாசம் ஆச்சு, வீனிங் ஆரம்பிங்க" என்று டாக்டர் சொன்னால் பாலை நிறுத்தச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கேழ்வரகுக் கூழ், மசித்த பருப்பு சாதம், வாழைப்பழம் என்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கச் சொல்கிறார். தாய்ப்பாலும் கூடவே தொடர வேண்டும். இரண்டு வயது வரைக்கும், விருப்பமிருந்தால் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இந்தக் குழப்பம் வேண்டாமென்றுதான் இப்போது பலரும் 'காம்ப்ளிமென்டரி ஃபீடிங்', அதாவது இணை உணவு, என்கிறார்கள். நிஜமாகவே நிறுத்தும் காலம் வந்தால் அங்கேயும் சட்டென்ற 'ஸ்டாப்' உதவாது. பால் கட்டிக்கொண்டு மார்பு வீங்கும், ஜுரம்கூட வரலாம். ஒரு வேளைப் பாலைக் குறைத்து, சில நாள் விட்டு அடுத்த வேளையைக் குறையுங்கள்.

'மெனோபாஸ்' பற்றியும் ஒரு வார்த்தை. டேப் ரெக்கார்டரில் 'பாஸ்' பொத்தானை அழுத்தினால் பாட்டு நின்று, மறுபடி அழுத்தினால் தொடரும். இந்த 'பாஸ்' அப்படியல்ல. தொடர்ந்து 12 மாதம் மாதவிலக்கு வராமலிருந்த பிறகுதான் அந்தப் பெயரைச் சொல்வார்கள். அதற்கப்புறம் ரத்தம் பட்டால், துளியாக இருந்தாலும், டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

அடுத்தது பிரிவு. இதற்கு நம்மிடம் இருக்கும் சொற்களைப் பாருங்கள்: "தள்ளி வெச்சுட்டான்", "தீர்த்து விட்டுட்டான்". எல்லாமே அவன் செய்தது! அவளுக்கு மிஞ்சுவது 'வாழாவெட்டி' என்ற பட்டம். அந்த விதத்தில் ஆங்கிலத்தின் 'செபரேட்டட்' எனக்குப் பிடித்திருக்கிறது. யார் யாரை விட்டார் என்று அது சொல்வதில்லை. சேர்ந்து வாழவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

ஆனால் 'செபரேட்டட்' வேறு, 'டைவர்ஸ்ட்' வேறு. முன்னதில் கல்யாணம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1955-ம் வருஷத்து இந்து திருமணச் சட்டப்படி கோர்ட்டே 'ஜுடிஷியல் செபரேஷன்' கொடுத்தாலும் மறுமணம் செய்துகொள்ள முடியாது. மறுமணத்துக்கு டைவர்ஸ் தீர்ப்பு வேண்டும். இருவரும் சம்மதித்துக் கேட்கும் வழி 1976-ல்தான் சட்டத்தில் சேர்ந்தது. ஒரு வருஷமாவது பிரிந்திருக்க வேண்டும். மனுப் போட்டபின் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். தகுந்த காரணமிருந்தால் இந்த ஆறு மாதத்தைக் கோர்ட் தள்ளுபடி செய்யலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2017-ல் சொன்னது. மற்ற மதத்தினருக்குச் சட்டங்கள் வேறு.

"ஸ்டாம்ப் பேப்பர்ல ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டாச்சு, டைவர்ஸ் ஆயிடுச்சு" என்பார்கள் பெரியவர்கள். சமூக வழக்கம் என்று நிரூபிக்க முடிந்தால் ஒழிய, அந்தக் காகிதம் டைவர்ஸ் ஆகாது. அதை நம்பி இன்னொருவருக்குக் கழுத்தை நீட்டிய பெண்ணின் இரண்டாவது கல்யாணம் செல்லாமல் போய்விடும்.

வக்கீலிடம் பேசும்போது இன்னொன்று. கணவர் காரணமில்லாமல் விட்டுப் போயிருந்தால் அதற்கு 'டிசர்ஷன்' என்று பெயர். இரண்டு வருஷம் தொடர்ந்தால் அதுவே டைவர்ஸ் கேட்க ஒரு காரணம். வெட்கப்பட்டுக்கொண்டு "நாங்க செபரேட்டட்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். அவர் போன தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாங்க், பாஸ்போர்ட் படிவங்களில் தீர்ப்பு கைக்கு வரும்வரை 'டைவர்ஸ்ட்' என்று எழுத வேண்டாம். 'செபரேட்டட்' என்ற கட்டம் இருந்தால் அதில் டிக் போடுங்கள். இல்லாவிட்டால் 'மேரீட்' என்பதே சரி.

அடுத்த இதழில் 'கீப்'. அதிலும் வம்பு நிறைய இருக்கிறது!