லாரியை எண்ணினோம், ஆளை எண்ணவில்லை

சாரல் பிடித்தால் ஐந்தருவியில் எத்தனை கிளையில் தண்ணீர் விழுகிறது என்று தென்காசிக்காரர்கள் நாங்கள் வீட்டில் இருந்தபடியே சொல்லிவிடுவோம். ஆலங்குளம், கடையம் பக்கத்துக் கல்குவாரிகளில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டால் முழிப்போம்.

குவாரி மேல் எங்களுக்குக் கோபம் இல்லாமல் இல்லை. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் புளியரை வழியாகக் கேரளாவுக்குப் போவதை எதிர்த்து மறியல் செய்தோம், மனுக் கொடுத்தோம். கனிமவளம் போகிறது, ரோடு பள்ளமாகிறது, எஸ் வளைவில் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கின்றன. எல்லாம் உண்மைதான். ஆனால் எங்கள் பேச்சில் மலை வரும், ரோடு வரும், கேரளா தவறாமல் வரும். குழிக்குள் துளை போட்டு மருந்து கெட்டிக்கிறவன் வரமாட்டான். லாரி வழியை மறித்தது, கண்ணில் பட்டது. அவன் யார் வழியையும் மறிக்கவில்லை.

2022 மே 14 இரவு, அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்தது. சுமார் 300 அடி ஆழம். சிக்கியவர்கள் 6 பேர்; இறந்தவர்கள் 4 பேர். கடைசி உடலை எடுக்கப் பல நாள் ஆனது. நாங்கள் டிவியில் பார்த்தோம், திருநெல்வேலி மாவட்டச் செய்தி என்று சேனலை மாற்றினோம். 2019 நவம்பர் வரை அதுவும் எங்கள் மாவட்டம்தான்!

சட்டத்தின் கண்ணில் கல்குவாரியும் சுரங்கமே. தனி அனுமதி இல்லாவிட்டால் கெட்டிப்பாறையைப் படிப்படியாகத்தான் வெட்ட வேண்டும்; ஒரு படியின் உயரம் 6 மீட்டரைத் தாண்டக்கூடாது, அகலம் உயரத்துக்குக் குறையக்கூடாது என்கிறது 1961-ம் வருட விதி. படி இருக்கிறதா, செங்குத்துச் சுவரா என்று பார்க்க இன்ஜினியர் வேண்டியதில்லை. எங்களில் ஒருத்தர் விளிம்புவரை போய் எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

வேல்ஸில் செங்ஹெனித் என்று ஒரு சின்னப் பள்ளத்தாக்கு ஊர். 1913 அக்டோபர் 14 அன்று அங்கே நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 439 தொழிலாளர்கள் இறந்தார்கள். மேலாளருக்குக் கிடைத்த அபராதம் 24 பவுண்டு. நீதி அங்கேயும் அவ்வளவுதான். ஆனால் நூறு வருடம் கழித்து அந்த ஊரார் நினைவுத் தோட்டம் அமைத்தபோது செத்தவர்களின் பெயர், வயது, முகவரி எல்லாம் கையில் இருந்தன. இங்கே ஒருவர் இறந்தால் மறுநாள் பேப்பரில் ‘வடமாநிலத் தொழிலாளி பலி’ என்று நாலு வரி. அதற்கு மேல் நாங்களும் கேட்பதில்லை.

ஊர் வரலாறு எழுத உட்கார்ந்தால் பராக்கிரம பாண்டியனில் தொடங்கி, குற்றாலக் குறவஞ்சிக்கு வந்து, டி.கே.சி.யின் ரசனையைச் சொல்லி முடித்துவிடுகிறோம். பாண்டியன் கோபுரத்துக்குக் கல் உடைத்தவனே அதில் கிடையாது. ஆலங்குளத்துக்காரன் எங்கே வரப்போகிறான்?

வேலை செய்கிற ஒவ்வொருவர் பெயரும் பதிவேட்டில் இருக்க வேண்டும், உயிர்ப்பலி நேர்ந்தால் சுரங்கப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்பதெல்லாம் 1952 சுரங்கச் சட்டத்திலேயே இருந்தது. அந்த விபத்து அறிக்கைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க 10 ரூபாய் ஆகும். அதே 10 ரூபாயைக் கட்டி லாரி நடைச்சீட்டுக் கணக்கைக் கேட்க எங்களுக்குத் தெரிந்திருந்தது.